மாப்பிள்ளை வண்டி

ஐயா, உங்கள் அறிக்கையில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது. அதைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு அவசரம் ஒன்றுமில்லை.

வண்டியைச் சோதித்தவர் எழுதிய அறிக்கையின் நகலை நேற்று மருமகனின் வக்கீலுடைய குமாஸ்தா எனக்கு வாசித்துக் காட்டினார். மூன்றாம் பக்கத்தில், கழுத்துக் குழாயில் இருந்த வெல்டிங் 'தொழில் தெரியாத ஒருவரின் வேலை' என்று இருந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் தடவையும் அப்படியேதான் இருந்தது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தக் கஷ்டத்தோடு ராத்திரி சாப்பிடக்கூட முடியவில்லை.

என் பெயர் மீரா சாகிப். முத்துப்பேட்டைக்காரன். வயது ஐம்பத்தாறு. ஷார்ஜாவில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் இருபத்து நாலு வருஷம் இருந்தேன். முதல் ஆறு வருஷம் வெல்டர். மீதிப் பதினெட்டு வருஷம், மற்றவர்கள் போட்ட வெல்டிங்கைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற வேலை. பெயின்டுக்கு அடியில் பொய் இருந்தால் சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன். நான் சரி என்று கையெழுத்துப் போட்ட மூட்டு ஒன்றுகூடக் கடலில் விட்டுப் போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் யார் என்று தெரிந்தால்தான் அறிக்கையில் உள்ள தவறு உங்களுக்குப் புரியும்.

நீங்கள் வெளியூர் என்பதால் எங்கள் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் கல்யாணம் ஆனால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. தகப்பன் வீட்டைக் கட்டி, மகள் பேரில் எழுதி வைத்து, முன்னறையை மாப்பிள்ளைக்கு விட்டுவிட்டுப் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நானும் இருபத்தெட்டு வயதில் நூர்ஜஹான் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவன்தான். அங்கே எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் மரியாதை என்பது விருந்தாளிக்குத்தான் கிடைக்கும். வீட்டுக்காரனுக்கு யார் மரியாதை செய்வார்கள்?

அதனால் ஒரு வீடு கட்ட வேண்டும் என்று இருந்தேன். தெற்குத் தெருவில் மனை வாங்கி, பதினாலு வருஷமாக, லீவுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். ஷார்ஜாவில் ஒரு அறைக்குப் பத்துப் பேர். மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த வீட்டின் மாடி முன்னறையை நினைத்துக்கொள்வேன். கிழக்கே பார்த்த ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாமணியாற்றுக் காற்று. தேக்கு அலமாரி, அதற்கு மேலே என் பெட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரேயடியாக ஊருக்கு வந்து அந்த அறையில் படுத்தேன். எட்டு மாதம் படுத்தேன். ஒன்பதாம் மாதம் என் ஒரே மகள் சுமையாவுக்கு நிக்காஹ் ஆயிற்று.

வீட்டை அவள் பேருக்கு எழுதி வைத்தபோது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஊர் வழக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டு பதிவு ஆபீஸ் வாசலில் எல்லோருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தேன். நூர்ஜஹானும் நானும் அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு வந்தோம். அதற்கும் பின்னால் ஒரு ஷெட். கார் நிறுத்துவதற்கு என்று போட்டது, கார் வாங்கவில்லை. அதில் என் வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் இருந்தன.

மாப்பிள்ளையின் பெயர் ஜாஹித். அதிராம்பட்டினம். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றுக்குப் படம் வரைந்து கொடுக்கிற வேலை. எல்லாம் வீட்டில் உட்கார்ந்தே, லேப்டாப்பில், மாடி முன்னறையில். நல்ல பிள்ளை. இதை நான் மறைக்கப்போவதில்லை. மாப்பிள்ளை முறுக்கு என்று சொல்வார்களே, அது அவனிடம் கொஞ்சமும் கிடையாது. இருந்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். முறுக்கிக்கொள்கிற மாப்பிள்ளையை ஊரில் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இவனைப் பற்றி என்ன சொல்வது? கொடுவா மீன் வாங்கினால் தலை மாப்பிள்ளைக்குத்தான் வைப்பார்கள். அவன் அதைப் பாதியாக்கி என் தட்டில் வைப்பான். எனக்கு மீன் தலை பிடிக்கும். அவன் வைத்த பிறகு பிடிக்காமல் போயிற்று.

ஒரு நாள், என்னுடைய அளவுகோல்கள் இருந்த பெட்டியை எடுக்க மாடிக்குப் போனேன். அது தேக்கு அலமாரிக்கு மேலேயே இருந்தது. கதவு திறந்திருந்தது. மகளும் மருமகனும் இருக்கிற அறை என்பதால் வாசலில் நின்று லேசாகக் கனைத்தேன். ஜாஹித் லேப்டாப்பை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"வாங்க மாமா. ஏன் வெளியவே நிக்கிறீங்க? தாராளமா வாங்க. இது உங்க வீடு மாதிரி."

அவ்வளவுதான் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். பெட்டியை அவனே இறக்கி, தூசி தட்டி, கீழே ஷெட் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். அன்றைக்கு முழுக்க எனக்கு அந்த 'மாதிரி' தொண்டையில் முள்ளாக நின்றது. நூர்ஜஹானிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். புள்ள நல்லவிதமாத்தானே சொல்லியிருக்கு, இதப்போயி ஒரு குத்தம்னு எடுத்துட்டு வர்றீங்களே என்றாள். குற்றம் என்று நானும் சொல்லவில்லை. பதினாலு வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி எழுப்பிய வீட்டில், நேற்று வந்த ஒருவன் என்னைப் பார்த்து வாங்க என்கிறான். வாங்க என்று சொல்பவன் யார், சொல்லப்படுபவன் யார் என்பதுதான் விஷயம். உங்கள் ஸ்டேஷனில் வேறு யாராவது உங்களைப் பார்த்து, வாங்க உட்காருங்க, உங்க ஸ்டேஷன் மாதிரி நினைச்சுக்குங்க என்று சொன்னால் தெரியும்.

அந்த வாரம்தான் அவன் வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தான். போனில் ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டில் யாரோ வீட்டிலேயே குட்டி மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். முழங்கால் உயரம்தான். ஆனால் பார்க்க அந்தக் காலத்துப் பெரிய வண்டியைச் சுருக்கியது போல உருண்டை ஹெட்லைட்டு, முட்டை வடிவ டேங்க், தவிட்டு நிறத்தில் தையல் போட்ட சீட். மாமா, நீங்க பெரிய வெல்டர்னு மாமி சொன்னாங்க, இதுமாதிரி ஒண்ணு நாம செய்வோமா என்று கேட்டான். வெல்டர் இல்லை, வெல்டிங் பார்ப்பவன் என்று திருத்தினேன். செய்யலாம் என்றும் சொன்னேன்.

அந்த வண்டியை எப்படிச் செய்தேன் என்பதை நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். ஷெட் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்குப் படம் போட்டேன். தண்ணீர்க் குழாயை வளைத்து ஒப்பேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் தஞ்சாவூர் போய்த் நீளவாக்கில் ஒட்டுத் தையல் இல்லாத குழாயாகப் பார்த்து வாங்கி வந்தேன். இன்ஜின் மன்னார்குடிப் பழைய இரும்புக் கடையில் கிடந்த மொபெட்டுடையது. அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பிஸ்டன் வளையங்கள் மாற்றி, ஐந்தாம் உதையில் ஓட வைத்தேன். சக்கரம் ஸ்கூட்டருடையது. டேங்க், காலாவதியான தீயணைப்புச் சிலிண்டரை வெட்டி இரண்டு முனையையும் தட்டி வளைத்தது. நிறம் மாவிலைப் பச்சை, நடுவில் பால் நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பிசிறில்லாமல் இழுக்க மூன்று நாள் ஆயிற்று. நம்பர் பிளேட் கிடையாது; அதற்கு உண்டான அபராதத்தையும் என் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜாஹித் வேலை முடிந்ததும் ஷெட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வான். இடுக்கியை எடுத்துக் கொடுப்பான், வீடியோ எடுப்பான். நூர்ஜஹான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மாமனும் மருமகனும் ஒட்டிக்கிட்டாங்க என்று தன் தங்கைக்குப் போனில் சொல்வாள். வண்டிக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். மாப்பிள்ளை வண்டி. வீட்டில் எல்லோரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். அந்தப் பெயரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

சீட்டை ஒருவர் மட்டும் உட்காரும்படி செய்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமையா ஷெட் வாசலில் நின்று, வாப்பா, பின்னால நான் உக்கார எடம் வைக்கலயா என்று கேட்டாள். வைக்கவில்லை என்றேன். ஒரு ரவுண்டாவது நான் ஓட்டுறேனே என்றாள். இது ஆம்பிளை ஓட்டுற வண்டி, நீ உன் ஸ்கூட்டியிலேயே போ என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மகளுக்காக ஒரு தகப்பன் எவ்வளவு தூரம் யோசிக்க முடியுமோ அவ்வளவு தூரம் நான் யோசித்தேன். அளவெடுத்துத்தான் சீட்டு வைத்தேன்.

இப்போது கழுத்து.

கைப்பிடியும் முன் சக்கரமும் ஒரு சின்னக் குழாயில் சுழல்கின்றன. அதுதான் கழுத்து. வண்டியின் உடம்பிலிருந்து மேலே ஒரு குழாயும் கீழே ஒரு குழாயும் வந்து கழுத்தில் சேர்கின்றன. குழாய்கள் அசையாமல் நிற்பதற்காக முதலில் நாலு இடத்தில் சின்னதாக வெல்டிங்கைத் தொட்டு வைப்போம். அதற்கு எங்கள் பட்டறையில் பொட்டு என்று பெயர். பொட்டு வைத்துக் கோணம் சரிபார்த்த பிறகுதான் சுற்றிலும் முழு வெல்டிங் போடுவது. பொட்டு நிச்சயம் மாதிரி. கல்யாணம் அப்புறம்தான். பொட்டோடு விட்ட வண்டி நிற்கும், உருளும், கொஞ்ச நாள் ஓடவும் செய்யும். பள்ளத்தில் விழுந்தாலோ வேகத்தில் பிரேக் பிடித்தாலோ விட்டுப்போகும்.

மேல் குழாய்க்கு நாலு, கீழ்க் குழாய்க்கு நாலு, மொத்தம் எட்டுப் பொட்டு. ஏழாவதை வைத்துக்கொண்டிருக்கும்போது ஜாஹித், மாமா ஒரே ஒரு பொட்டு நான் வைக்கிறேனே என்று கேட்டான். முகமூடியைக் கொடுத்தேன். தொட்டு எடுக்க வேண்டியதைப் பயத்தில் ஒட்டிப் பிடித்துவிட்டான். ஒரு சுண்டைக்காய் அளவுக்கு உலோகம் உருகிக் கட்டியாக நின்றது. பார்க்கவே அசிங்கம். அவனுக்கு ஒரே சந்தோஷம். அதைப் பெரிதாக்கிப் படம் எடுத்து, வெல்டிங் பண்ணது நான்தான் என்று போட்டு ஊரெல்லாம் அனுப்பினான்.

பின் சக்கரத்துப் பகுதிக்கு முழு வெல்டிங் போட்டேன். இன்ஜின் உட்காரும் இடத்துக்கு, சீட்டுக்கு அடியில், கால் வைக்கும் கம்பிக்கு, எல்லாவற்றுக்கும் போட்டேன். கழுத்துக்குப் போடவில்லை.

கழுத்தில் பொட்டுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பட்டி வைத்து அடைத்தேன். கார்களுக்கு நசுங்கின இடத்தில் பட்டி பார்ப்பார்களே, அதே மாவு. முழு வெல்டிங் போட்டால் மேலே மீன் செதில் போல வரிவரியாக விழும். அந்த வரியைப் பட்டி காய்வதற்குள் ஒரு தேக்கரண்டி முனையால் இழுத்தேன். ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. பிறகு பெயின்ட். ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் இந்த மாதிரித் திருட்டுகளைக் கண்டுபிடித்தவன் நான். என் கண்ணே ஏமாறுகிற மாதிரி செய்ய முடியுமா என்று ஒரு ஆசை இருந்தது. முடிந்தது. சுத்தியலால் தட்டினால் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊரில் யார் தட்டப்போகிறார்கள்?

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். கோபத்தில் செய்கிறவன் அவசரப்படுவான், வரி கோணலாகும். என் வரியைப் பார்த்தீர்கள் என்றால் தெரியும். அவன் இறந்துதான் ஆக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. இடுப்பு, முதுகு என்று எங்காவது அடிபட்டு அதிராம்பட்டினத்தில் தன் உம்மா வீட்டில் படுத்திருந்தாலும் எனக்குப் போதும். மனுஷனுக்கு ஒரு அறை வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஜும்மா முடிந்து வந்த வெள்ளிக்கிழமை வண்டியைக் கொடுத்தேன். நூர்ஜஹான் பிரியாணி போட்டாள். ஜாஹித் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். முதல் எட்டு நாள் தெருவுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிராம்பட்டினம் போய் உம்மாவிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னான். கோரையாற்றுப் பாலம் ஏறுகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு வருஷமாக அடைக்காமல் கிடக்கிறது. அந்த ரோட்டில் வேகமாகத்தான் போவான்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. அசர் தொழுதுவிட்டு வழக்கம்போல் கலந்தர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நூர்ஜஹான் போன் செய்தாள்.

"மாப்பிள்ளை வண்டி வெளிய போயிருக்கு. வர்றதுக்கு நேரமாகும்போல. நீங்க வரும்போது எலுமிச்சம்பழம் நாலு வாங்கிட்டு வந்துருங்க."

சரி என்றேன். ஞாயிறு சனியாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். எப்படி நினைத்தேன் பாருங்கள். மாப்பிள்ளை வண்டி போயிருக்கிறது என்றாள். மாப்பிள்ளை போயிருக்கிறார் என்று என் காதில் விழுந்தது. அவள் ஆசையாக வைத்த பெயர். வண்டி போயிருக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால், யார் எடுத்துட்டுப் போனது என்று கேட்டிருப்பேன். மனசு லேசாக இருந்தது. கலந்தரிடம் இன்னொரு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் ஜாஹித் நடந்து வந்தான். செருப்பைத் தேய்த்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வண்டி எங்க மாப்பிள்ளை?" என்றேன்.

"சுமையா எடுத்துட்டுப் போயிருக்கா மாமா. மன்னார்குடி ரோட்டுல அவ ஃப்ரெண்டு ஷமீரா வீடு வரைக்கும். உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொன்னா, நீங்க வேணாம்பீங்களாம். பாவம், ரொம்ப நாளா ஆசை."

போன் என் கையில்தான் இருந்தது. நீங்கள் எப்படியும் போன் கம்பெனியில் விசாரித்துத் தெரிந்துகொள்வீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சுமையாவின் நம்பரை எடுத்தேன். வண்டி ஓட்டும்போது அவள் காதில் கருவி மாட்டியிருப்பாள். நான் கூப்பிட்டால் எடுப்பாள். எடுத்தால் என்ன சொல்வது? நில்லு, இறங்கு என்று சொல்லலாம். ஏன் வாப்பா என்று கேட்பாள். ஜாஹித் எதிரில் நிற்கிறான், கலந்தர் பாலை ஆற்றிக்கொண்டே பார்க்கிறான். பிரேக் சரியில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அப்புறம் ஜாஹித் பிரேக்கைக் கழற்றிப் பார்ப்பான், கழுத்தைத் தொடுவான், ஞாயிற்றுக்கிழமை போகமாட்டான். இவ்வளவு நாள் வேலை வீணாகும்.

அதனால் யோசித்தேன். ஜாஹித் எண்பது கிலோ இருப்பான். சுமையா நாற்பத்தெட்டு. பயந்து பயந்து ஓட்டுவாள். அந்த ரோட்டில் பாலம் இல்லை, பள்ளம் இல்லை. எட்டுப் பொட்டு அவளுக்குத் தாங்கும். பத்துக்கு ஒன்பது பங்கு தாங்கும். இனிமேல் வண்டிச் சாவியை அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நல்ல முடிவு. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஜாஹிதுக்கும் ஒரு டீ சொன்னேன். அவனுக்குச் சர்க்கரை கம்மி.

அது நடக்க இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. டீ குடித்தோம். எலுமிச்சம்பழம் வாங்கினோம். அவன் பையை என்னைத் தூக்க விடவில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். தை மாதம். சம்பா அறுவடை முடிந்து ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். வண்டிகள் ஏறாமல் இருக்க ஓரத்தில் கருங்கல் வரிசை. நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த அம்சம் என்கிற பெண் உங்களிடம் சொன்னதை என்னிடமும் வந்து அழுதுகொண்டே சொன்னாள்.

"கார்க்காரங்கள்லாம் நெல்லு மேலயே ஏத்திட்டுத்தான் போறாங்க. உங்க புள்ளதான் ஏத்தக் கூடாதுன்னு பிரேக்கப் புடிச்சுது. கைப்பிடி கையோட வந்துருச்சுங்க."

தலை கருங்கல்லில் பட்டிருக்கிறது. மன்னார்குடி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இருக்கவில்லை.

நெல்லை மிதிக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். ஐந்து வயதில், ஷார்ஜாவிலிருந்து போனில் சொன்னேன். ஜாஹித் நெல் மேல் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? எனக்கு இன்றுவரை அழுகை வருகிறது, ஐயா. மகள் போனால் தகப்பனுக்கு வராமல் இருக்குமா? ஆனால் அந்த ஒரு பிடி பிரேக்கை என் கணக்கில் யாரும் சேர்க்க முடியாது.

மய்யித்தை அடக்கிவிட்டு வந்த அன்று ஜாஹித் ஷெட்டில் தரையில் உட்கார்ந்திருந்தான், சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில்.

"நான் வச்ச பொட்டுதான் மாமா விட்டுருச்சு. தெரியாத வேலையில நான் கைய வச்சிருக்கக் கூடாது" என்றான்.

அவன் தோளில் கை வைத்தேன். "மனசத் தளர விடாதீங்க மாப்பிள்ளை. தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே அவனுடைய ஆட்கள் வந்து அதிராம்பட்டினத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். பெண் இல்லாத பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

ஒன்றை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். வீடு சுமையா பேரில். பிள்ளை இல்லாமல் அவள் இறந்தால் மார்க்கப்படி பாதி புருஷனுக்கு, மீதிதான் எனக்கும் நூர்ஜஹானுக்கும். அவளைக் கொண்டுபோய் அடக்கிய மூன்றாம் நாள் பள்ளிவாசலில் ஒருவர் ஞாபகப்படுத்தியபோது எனக்குக் கண் இருட்டிவிட்டது. இலவு காத்த கிளி என்பார்களே, அந்த நிலை. ஒரு மாதம் தூங்கவில்லை. ஊரில் எல்லோரும் மகளை நினைத்துத்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ஜாஹித் வந்தான். பாதியாகியிருந்தான். வாசற்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்பது போல நின்றான். கையில் ஒரு கவர். அதில் பத்திரக் காகிதம். வீட்டில் தன் பங்கை எங்களுக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தான். எனக்கு இதுல எதுவும் வேணாம் மாமா, நான் செஞ்சதுக்கு இதுகூட ஈடு இல்ல என்றான். வாசற்படியிலேயே நின்று முழுவதும் வாசித்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மடித்துப் பையில் வைத்தேன்.

பிறகு, "வாங்க மாப்பிள்ளை. ஏன் வெளியவே நிக்கிறீங்க? தாராளமா வாங்க. இது உங்க வீடு மாதிரி" என்றேன்.

அந்தச் சொல்லை அவன் கவனித்தானா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். எனக்குத் தொண்டையிலிருந்து முள் இறங்கியது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அவனே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, கழுத்தில் வெல்டிங் போட்டது தான்தான் என்று சொன்னான். போனில் அந்தப் படமும் இருந்தது. நீங்களும் நம்பிவிட்டீர்கள். பதினேழு நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அது உங்கள் வேலை. நான் எழுதுவது அறிக்கைக்காக.

வண்டி உங்கள் வளாகத்தில் வேப்பமரத்தடியில்தான் கிடக்கிறது. போய்க் கழுத்தைப் பாருங்கள். பட்டியைச் சுரண்டுங்கள். எட்டில் ஏழு பொட்டு விட்டிருக்கும். கீழ்க் குழாய்க்கு வலது பக்கம் ஒன்று மட்டும் சுண்டைக்காய் அளவில் கட்டியாக, குழாயைப் பிய்த்து எடுத்துக்கொண்டு கழுத்தோடு நிற்கும். அதுதான் ஜாஹித் வைத்தது. பயந்துபோய் அதிக நேரம் பிடித்ததால் ஆழமாக இறங்கிவிட்டது. தொழில் தெரியாதவன் வேலை என்றால் அந்த ஒன்றுதான், அது விடவில்லை. விட்ட ஏழும் என்னுடையவை. இவ்வளவு பாரம் தாங்கி, இவ்வளவு நாள் நின்று, பிரேக் பிடித்த ஒரே நொடியில் ஏழும் ஒன்றாக விட வேண்டும் என்றால், அது தொழில் தெரியாதவன் கையில் வராது. இதை ஒரு வரியாகவாவது அறிக்கையில் சேருங்கள்.

இதுவரை எழுதியதை நூர்ஜஹானிடம் வாசித்துக் காட்டினேன். டீக்கடை வரும் இடத்தில் எழுந்தாள். சேலையை மாற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பெண்களுக்கு இதெல்லாம் சொன்னால் புரியாது. நாலு நாளில் வந்துவிடுவாள்.

மாடி முன்னறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஜன்னலில் ஆற்றுக் காற்று வருகிறது. என் பெட்டியைத் திரும்ப அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். என்னை அழைத்துப் போக ஆள் அனுப்புவீர்கள், தெரியும். வருகிறவர்களை வாசலில் நின்று கனைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கதவு திறந்துதான் இருக்கும். தாராளமாக வரட்டும். வாங்க என்று சொல்ல நான் இருக்கிறேன். இது என் வீடு, மாதிரி இல்லை.